பங்கின் நீதிப்பணி: வீட்டு வேலைத் தொழிலாளர்களோடு நடக்க விரும்பும் பங்குகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தையும் அதன் பங்குத்தந்தையையும் சுற்றி அமைந்த இறைமக்கள் சமூகங்களில், இரக்கப் பணிக்குக் குறைவில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் அரிசி கொடுக்கிறார்கள். மரியாயின் சேனையினர் நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்கிறார்கள். தவக்காலம் வந்தால் உண்டியல் நிறைகிறது. ஆனால் அரிசி வாங்க வரிசையில் நிற்கும் பெண் அன்று காலை மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்திருக்கிறார் என்பதையும், அந்த மூன்று வீடுகளும் நியாயமான கூலி கொடுத்திருந்தால் அவர் வரிசையில் நிற்க நேர்ந்திருக்காது என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. எண்ணிப் பார்க்கத் துணிந்த பங்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த வழிகாட்டி சொல்கிறது.

வீட்டு வேலையை எடுத்துக்காட்டாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நகரப் பங்குகளில் வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் ஒரே ஆலயத்தில், ஒரே திருப்பலியில் அமர்கிறார்கள். எனவே இந்த அநீதியைத் தொலைவில் இருக்கும் அரசின் மீதோ நிறுவனத்தின் மீதோ மட்டும் சுமத்திவிட முடியாது. மேலும், இந்தத் துறையில் இந்தியத் திருச்சபைக்கு மதிக்கத்தக்க அனுபவம் இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த அருட்சகோதரி ஜீன் தெவோஸ் 1985-இல் தொடங்கிய தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் இயக்கம், எவரும் தொழிலாளராகவே எண்ணாத பெண்களைத் தொழிலாளராக ஏற்கவைத்தது. தூய்மைப் பணியாளர், மீனவர், செங்கல் சூளைத் தொழிலாளர் என வேறு எந்த மக்களின் சிக்கலை எடுத்துக்கொண்டாலும் கீழே வரும் படிகள் பெரும்பாலும் பொருந்தும்; சட்டமும் அலுவலகமும் மட்டும் மாறும்.

இது எதன் மீது நிற்கிறது

"சாமி, கோவிலுக்கு எதற்கு இந்த வேலை?" என்று யாராவது ஒருவர் பங்குப் பேரவையில் (பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவில்) கேட்பார். அதற்கு விடை சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். 1891 மே 15 அன்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டதால் மட்டுமே ஒரு கூலி நியாயமானதாகிவிடாது என்று கற்பித்தது. சிக்கனமாக வாழும் தொழிலாளிக்குப் பிழைப்பு நடத்தப் போதாத கூலியை வறுமையால் அவர் ஏற்றுக்கொண்டாலும் அது அநீதியே. 1971-இல் கூடிய உலக ஆயர் மாமன்றம், நீதிக்கான செயல்பாட்டை நற்செய்தி அறிவிப்பிலிருந்து பிரிக்க முடியாத கூறாக வைத்தது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222-ஆம் எண் இன்னும் நேரடியானது: சமூக நீதியை வளர்ப்பதும் ஏழைகளுக்கு உதவுவதும் கிறிஸ்தவ விசுவாசிகள் அனைவரின் கடமை. குருக்களுக்கோ துறவியருக்கோ மட்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே பேரவையில் எழும் அந்தக் கேள்விக்கு, இது கோவிலின் வேலைதான், அதிலும் குறிப்பாகப் பொதுநிலையினரின் வேலை என்று தயங்காமல் விடை சொல்லலாம்.

முதல் படி: பங்கின் சம்பளப் பதிவேட்டைத் திறப்பது

வெளியே ஒரு கோரிக்கையை எடுத்துச் செல்லும் முன், பங்கு தன்னிடம் வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறது என்று பார்க்க வேண்டும். கோவில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), குருமனைச் (குருவானவரின் இல்லத்துச்) சமையல்காரர், பங்குப் பள்ளியின் துப்புரவுப் பணியாளர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர், இரவுக் காவலர் ஆகியோரின் பெயர், வேலை நேரம், மாதச் சம்பளம், வார விடுமுறை, கடைசியாகச் சம்பளம் உயர்ந்த ஆண்டு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியிலோ மருத்துவமனையிலோ தொழிலாளர் அரசு ஈட்டுறுதியும் (இ.எஸ்.ஐ.), இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் வருங்கால வைப்பு நிதியும் நடைமுறையில் உள்ளனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 537-ஆம் எண். இந்தத் தாளை முதலில் அந்தக் குழுவின் முன் வையுங்கள்.

குழிவெட்டுபவருக்கு நியாயமான கூலி கொடுக்காத பங்கு, ஆட்சியர் அலுவலகத்தில் நியாயமான கூலி கேட்டு மனு கொடுத்தால் அந்த மனுவுக்கு என்ன மதிப்பு இருக்கும்? ஊருக்கு எல்லாம் தெரியும். அதிகாரிக்கும் தெரியவரும்.

சாதிக்கும் இதே அளவுகோல்தான். ‘சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை’ என்ற நிலைப்பாட்டை இந்திய ஆயர் பேரவை 1982-இல் திருச்சியில் கூடியபோதே எடுத்துவிட்டது. 2016 டிசம்பரில் அது வெளியிட்ட தலித் மக்கள் ஆற்றல்படுத்தல் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும், தனிக் கல்லறை, தேர் செல்லாத தெரு, ஒரு பிரிவினருக்கு எட்டாத திருவிழா உபயம் ஆகியவை பல ஊர்களில் தொடர்கின்றன. வீட்டு வேலை செய்பவர்களில் தலித் பெண்கள் மிகுதி. தன் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்க விட்டிருக்கும் பங்கு, சமையலறையில் தனித் தம்ளர் வைக்கும் வீட்டைக் கேள்வி கேட்க முடியாது. சுவரை இடித்து முடித்த பிறகுதான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் எதுவும் தொடங்காது. ஆனால் அந்தச் சுவர் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் எழுத்தில் இடம்பெற்றே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: கேட்பது

நம் ஊர்ப் பங்குகளில் இதற்கு ஏற்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது: அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு. ஆனால் அன்பியக் கூட்டம் வழக்கமாக மாலை ஏழு மணிக்கு நடக்கும். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அந்த நேரத்தில்தான் இரண்டாவது சுற்று வேலையை முடித்துவிட்டு வந்து தங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். எனவே அவர்களிடம் நேரம் கேட்டு, பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணிக்குள், அவர்கள் தெருவிலேயே கூடுங்கள். கோவில் வளாகத்துக்கு அழைத்தால் இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தயங்குவார்கள். அவர்கள் இல்லாமல் இந்தப் பணிக்குப் பொருளே இல்லை. சமுதாயக் கூடமோ, ஒரு வீட்டின் திண்ணையோ போதும்.

முதல் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்பதே விடையாக வரும், ஏனெனில் அவர் வேலை செய்யும் வீட்டு அம்மாவும் இதே பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம். "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வாய் திறக்காத பெண், "போன வாரம் காய்ச்சல் வந்தப்ப எத்தனை நாள் போகல? சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்க?" என்று கேட்டால் கணக்காகச் சொல்வார். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ என்ன கிடைத்தது, கழிப்பறை போக எங்கே செல்கிறார், தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் கொடுக்கிறார்கள், நகை காணாமல் போனால் முதலில் யாரைக் கேட்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கழிப்பறையைப் பற்றிய கேள்விக்கு வரும் விடைகள்தான் உங்களை மிகவும் உலுக்கும். நாள் முழுவதும் பிறர் வீட்டுக் கழிப்பறையைக் கழுவும் பெண்ணுக்கு அதைப் பயன்படுத்த அனுமதியில்லாத வீடுகள் உண்டு. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு.

பல கூட்டங்கள் வரை கேட்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதீர்கள். தீர்வு சொல்ல வேண்டும் என்ற ஆர்வம், குறிப்பாகக் குருக்களுக்கும் ஆசிரியர்களுக்கும், உடனே வந்துவிடும். அதை அடக்குவது இந்தப் படியின் பெரும்பகுதி.

மூன்றாம் படி: குழு

பங்கு அளவில் நீதிக் குழு ஒன்றை அமைக்கும்போது உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் வீட்டு வேலைத் தொழிலாளர்களாகவே இருக்கட்டும். பேச்சாற்றல் உள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வழக்கறிஞர், பேரவைச் செயலர் ஆகியோர் தேவைதான். ஆனால் முடிவெடுக்கும் கைகள் எண்ணிக்கையில் அவர்களுடையதாக இருக்கக் கூடாது. கூட்டத்தை நடத்துபவர் சுழற்சி முறையில் மாறட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் தலைமை ஏற்கும் நாளில் குறிப்பெடுக்க வேறொருவர் இருந்தால் போதும்.

பங்குத்தந்தையின் இடம் என்ன? ஆன்மிக வழிகாட்டி, ஆதரவாளர், கதவுகளைத் திறந்து வைப்பவர். அரசியல் கட்சிகளிலும் தொழிற்சங்க நிர்வாகத்திலும் குருக்கள் தீவிரப் பங்கு எடுப்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 287-ஆம் எண், திருச்சபை அதிகாரம் தேவை என்று கருதும் நிலைகளைத் தவிர, அனுமதிப்பதில்லை. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். குருவானவர் முன்னே நின்றால் அதிகாரிகள் அவரோடு மட்டுமே பேசுவார்கள். பெண்கள் பின்னால் நிற்பார்கள். அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் கலையும்.

மறைமாவட்டத்தின் பல்நோக்கு சமூக சேவை சங்கத்துக்கும், தொழிலாளர் பணிக்குழுவுக்கும், பெண்கள் பணிக்குழுவுக்கும் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் எழுதித் தெரிவித்துவிடுங்கள். பயிற்சிக்கும் சட்ட ஆலோசனைக்கும் அவர்கள் பின்னர் தேவைப்படுவார்கள்.

நான்காம் படி: பார், தீர்ப்பிடு, செயல்படு

பெல்ஜியக் குரு யோசேப்பு கார்டைன் இளம் தொழிலாளர்களிடையே வளர்த்த இந்த மூன்று படி முறையை, 1961-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் ‘மாத்தர் எத் மஜிஸ்த்ரா’ சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பங்கு அளவில் இதைவிட எளிய முறை வேறில்லை.

‘பார்’ என்பது கேட்டதைத் தரவாக மாற்றுவது. ஒரு பக்கப் படிவம் போதும்: வயது, எத்தனை வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் வேலை நேரமும் சம்பளமும், விடுமுறை, அரசின் வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பதிவு உண்டா, அட்டை எண், புதுப்பித்த தேதி. பெயரும் வேலை செய்யும் வீட்டின் முகவரியும் தனித் தாளில், எண் குறியீட்டோடு, ஒருவரிடம் மட்டும் பூட்டி வைக்கப்பட வேண்டும். கைப்பேசியில் படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுவதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஒரு படம் தவறான கைக்குப் போனால் ஒரு பெண்ணின் வேலை மறுநாளே போய்விடும். பதினான்கு வயது நிரம்பாத சிறுமி எவராவது வீட்டு வேலையில் இருப்பது தெரியவந்தால், குழு முடிவுக்குக் காத்திராமல் உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும்.

‘தீர்ப்பிடு’ என்பது இறைவார்த்தையின் முன் அந்தத் தரவை வைப்பது. யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் நான்காம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அறுவடை செய்தவர்களின் குரல் ஆண்டவரின் செவியை எட்டியிருக்கிறது. இணைச்சட்டம் இருபத்து நான்காம் அதிகாரம், ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையும் முன் கொடுத்துவிடச் சொல்கிறது. இந்த இரண்டையும் தொழிலாளர் பெண்களே வாசித்து, அவர்களே விளக்கட்டும். பதினைந்து நாள் சம்பளம் தள்ளிப்போனால் வட்டிக்காரரிடம் போக நேர்ந்ததைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண் இந்த வசனத்துக்குத் தரும் விளக்கத்துக்கு ஈடான மறையுரை இல்லை. அதன் பிறகு ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். பல கோரிக்கைகளோடு தொடங்கிய குழுக்கள் பெரும்பாலும் ஒன்றையும் முடிப்பதில்லை. முதல் கோரிக்கை சில மாதங்களில் வெல்லக்கூடியதாக இருக்கட்டும். என் பரிந்துரை நலவாரியப் பதிவும் நிலுவையில் உள்ள உதவித்தொகையும். யாரையும் பகைக்காமல் தொடங்கலாம். பலன் கையில் கிடைக்கும். அடுத்ததைக் கேட்கும் துணிவு பிறக்கும்.

ஐந்தாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது

‘செயல்படு’ என்பதற்குள் பல கதவுகள் உண்டு. எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஆட்சியரிடம் கொடுப்பதால்தான் பல மனுக்கள் வீணாகின்றன.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982-இல் வந்தது. அதன் கீழ் வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனி நலவாரியம் 2007-இல் அமைந்தது. பதிவு, புதுப்பித்தல், பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகிய அனைத்துக்கும் உரிய அலுவலர் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம். விண்ணப்பம் இணையம் வழியாகச் செய்யப்படுகிறது. பங்கின் இளைஞர் இயக்கத்தினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு அமர்ந்தால் ஒரு தெருவே பதிவாகிவிடும். பதிவுக்காகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடமிருந்து விடுதலை பெறுவதே பெண்களுக்கு முதல் வெற்றியாக இருக்கும்.

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால், 2013-இன் சட்டம் வீட்டு வேலை செய்பவரையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருப்பதாகக் கருதினால் குழு அதை ஏழு நாளில் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு செய்தியை மட்டும் அன்பியம்தோறும் சொன்னாலே பெரும் பணி.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்பது தடையன்று. 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் அனைவருக்கும், அவர்களின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்ட அல்லது அடிக்கப்பட்ட பெண் இந்து தலித்தாக இருந்தால் 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தும். அவர் அருகிலேயே வசிக்கும், அதே அவமானத்துக்கு ஆளான கிறிஸ்தவ தலித் பெண்ணுக்கு அது பொருந்தாது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிவிட்டது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்தத் தடை நீங்கியது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் நீங்கவில்லை. ஒன்றிய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கும் போராட்டத்தில் உங்கள் பங்கும் இணைய வேண்டும். ஆனால் இன்றைக்குப் புகார் கொடுக்க வேண்டிய பெண்ணுக்குத் தவறான நம்பிக்கை தராதீர்கள்: அவருக்கு எந்தச் சட்டப் பிரிவு பயன்படும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் காவல் நிலையம் செல்லுங்கள்.

ஆறாம் படி: மனு

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்படும் பல மனுக்கள் இப்படித் தொடங்கும்: "எங்கள் பகுதியில் வசிக்கும் ஏழைப் பெண்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள், தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." இதைப் படிக்கும் அலுவலர் என்ன செய்ய முடியும்? கருணை கூர்ந்து வேறொரு மேசைக்கு அனுப்புவார்.

அதே செய்தியை வேறு விதமாக எழுதலாம். "வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் பதிவு பெற்று அறுபது வயது நிறைவடைந்த, இணைப்பு ஒன்றில் கண்ட நபர்கள், அவரவர் பெயருக்கு எதிரே குறிப்பிட்ட தேதியில் ஓய்வூதியம் கோரி விண்ணப்பித்து ஒப்புகை பெற்றுள்ளனர். இன்றுவரை ஆணையோ நிராகரிப்போ வழங்கப்படவில்லை. விண்ணப்பங்களின் நிலையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, தகுதியுள்ளவர்களுக்கு ஆணை வழங்கக் கோருகிறோம்." இதில் யார், எந்தத் தேதி, எந்த உரிமை, என்ன கோரிக்கை என்ற நான்கும் இருக்கின்றன. தாழ்மை இல்லை, மரியாதை இருக்கிறது. ஒப்புகைச் சீட்டுகளின் நகல்களை வரிசை எண்ணோடு இணையுங்கள். கையெழுத்து இடத் தெரியாதவர் இடது பெருவிரல் ரேகை வைக்கும்போது, பக்கத்தில் அவர் பெயரை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். மனு எண் தாங்கிய ஒப்புகையை வாங்காமல் வளாகத்தை விட்டு வெளியேறாதீர்கள். ஆட்சியர் முன்னால் பேசுவதும் அந்தப் பெண்களே. ஒத்திகை பார்த்துச் சென்றால் இரண்டு நிமிடங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, மாவட்டத்தில் நிலுவையில் உள்ள ஓய்வூதிய விண்ணப்பங்கள் எத்தனை, எந்த மாதம் முதல் நிலுவை, நிலுவைக்கான காரணம் பதிவான கோப்பின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவளிக்காவிட்டாலோ அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலும் குறை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன்’ என்று கேட்கும் கேள்விகளைத் தவிர்த்து, ஆவணங்களைக் கேளுங்கள். அலுவலகத்தில் எழுத்தில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும்.

கிராமப் பங்குகளுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. கிராம சபை கூடும் நாட்களில் மே 1 உழைப்பாளரான புனித யோசேப்பின் நினைவு நாள். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தியது. ஆகஸ்ட் 15 மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. 2022 முதல் கூடுதலாகச் சேர்ந்த நவம்பர் 1 புனிதர் அனைவரின் பெருவிழா. அந்தக் காலைத் திருப்பலிகளுக்கு எப்படியும் மக்கள் கூடுவார்கள். முடிந்ததும் தீர்மானத்தின் நகலோடு நேராகக் கிராம சபைக்கு நடக்கலாம். நகரங்களில் இதற்கு இணையாகப் பகுதி சபைகள் வந்திருக்கின்றன. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் தீர்மானம் எழுதப்படும்வரை இருந்து, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.

ஏழாம் படி: வேலை கொடுக்கும் பங்கு மக்களோடு பேசுவது

எல்லாப் படிகளிலும் கடினமானது இதுவே. ஆட்சியரிடம் பேசிவிடலாம், திருவிழாவுக்கு அதிகமாக நன்கொடை கொடுக்கும் குடும்பத்திடம், ‘உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு வார விடுமுறை கொடுங்கள்’ என்று பேசுவது எளிதன்று.

மறையுரையில் யாரையும் சுட்டாமல் தொடங்கலாம். பிறகு பங்குப் பேரவையே முன்வந்து ஓர் உறுதிமொழித் தாளை ஏற்கச் செய்யலாம்: வாரத்தில் ஒரு நாள் ஊதியத்தோடு விடுமுறை, மாதத்தின் குறிப்பிட்ட தேதிக்குள் சம்பளம், நோய்க்காலத்தில் பிடித்தம் இல்லை, குடிநீரும் கழிப்பறையும், ஒரே தட்டும் தம்ளரும், ஆண்டுதோறும் சம்பள உயர்வு. தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நடப்பு ஆணையைத் தொழிலாளர் துறையிடமிருந்து வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதல் கையெழுத்துகள் பேரவை உறுப்பினர்களுடையதாகவும், குருமனையின் சார்பில் பங்குத்தந்தையுடையதாகவும் இருக்கட்டும்.

சிலர் கோபப்படுவார்கள். நன்கொடை குறையலாம். வேறு பங்குக்குப் போவதாகச் சொல்வார்கள். அவர்களைப் பகைவராக எண்ணாமல் வீடு தேடிச் சென்று பேச வேண்டும். அவர்களில் பலர் தாங்களே குறைந்த சம்பளத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு வழியின்றி ஆள் வைத்திருப்பவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்களின் மனம் நோகும் என்பதற்காகக் கோரிக்கையைக் கைவிடக் கூடாது. எந்தச் சூழலிலும், யார் எந்த வீட்டைப் பற்றிச் சொன்னார் என்பது வெளியே வரக் கூடாது.

எட்டாம் படி: தெருவுக்கு வருதல், பணம், பாதுகாப்பு

மனுவும் பேச்சும் பயன் தராதபோது ஆர்ப்பாட்டம் நம் உரிமை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு, இடம், நேரம், எண்ணிக்கை, பொறுப்பாளர் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அப்போதுதான் உயர் நீதிமன்றம் செல்ல முடியும். மேடையில் கட்சிக் கொடி வேண்டாம். வழிபாட்டிடத்தை அரசியல் செயல்பாட்டுக்குப் பயன்படுத்துவதை 1988-இன் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தலைத் தடுக்கும் சட்டம் தடை செய்கிறது. தேர்தல் காலத்தில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. எனவே தேர்தல் அறிவிக்கப்பட்ட பிறகு எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே கோரிக்கைத் தாளைப் பொது இடத்தில் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவுக்கு உறுப்பினர்களின் சந்தாவும் பங்கின் உள்ளூர்க் காணிக்கையும் போதும். வெளிநாட்டு நன்கொடையின் ஒரு ரூபாய்கூட இதில் கலக்க வேண்டாம். கூடங்குளம் அணுஉலைக்கு எதிராக 2011 முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் கடலோர மக்கள் அமைதியாக உண்ணாநோன்பு இருந்தபோது, அவர்களின் அச்சத்துக்கு விடை சொல்வதைவிட வெளிநாட்டுப் பணம் வந்ததா என்ற விசாரணையே முந்திக்கொண்டது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதும் இப்போது தடை. குழுவின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் வதந்திக்கு இடமிருக்காது.

ஆபத்தைச் சொல்லாமல் மக்களை அழைப்பது நேர்மையன்று. விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நில உரிமைக்காகவும் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய இளைஞர்களுக்காகவும் ஆவணங்களைத் திரட்டிப் பணியாற்றினார். 2020 அக்டோபர் 8 அன்று, மாவோயிஸ்ட் தொடர்பு இருப்பதாகக் குற்றம் சாட்டிய பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, விசாரணை தொடங்கும் முன்பே 2021 ஜூலை 5 அன்று மும்பையில் இறந்தார். பங்கு அளவிலான பணிக்கு அத்தகைய விலை நேராது என்றாலும், வேலை இழப்பும் பொய்த் திருட்டுப் புகாரும் நேரக்கூடியவை. ஆகவே ஒரு வழக்கறிஞரின் எண் ஒவ்வொரு பெண்ணிடமும் இருக்கட்டும். வேலை இழந்தவருக்கு இரண்டு மாதமாவது தாங்கும் சிறு நிதி முன்பே சேர்க்கப்பட்டிருக்கட்டும். காவல் நிலையம் அழைத்தால் எவரும் தனியே செல்லக் கூடாது என்பது குழுவின் விதியாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: கைமாற்றிக் கொடுப்பது

பங்குத்தந்தை சில ஆண்டுகளில் மாறுவார். பேரவையின் காலமும் முடியும். அதற்குள் குழு, பங்கின் துணைக் குழு என்ற நிலையிலிருந்து, எல்லா மதப் பெண்களையும் கொண்ட பதிவுபெற்ற தொழிலாளர் சங்கமாக வளர்ந்திருக்க வேண்டும் அல்லது ஏற்கெனவே உள்ள சங்கத்தோடு இணைந்திருக்க வேண்டும். மாநில, தேசிய அளவிலான கோரிக்கைகளை ஒரு பங்கு தனியே தூக்க முடியாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஏற்ற, வீட்டு வேலைத் தொழிலாளர்களின் உரிமைகளுக்கான 189-ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை. வீட்டுத் தொழிலாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இவற்றைத் தொடர்ந்து வலியுறுத்த அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்கள் தேவை.

பொறுப்பை மாற்றும்போது மூன்று பொருள்கள் முறையாகக் கைமாற வேண்டும்: கூட்டக் குறிப்பேடு, மனு எண்களும் பதில்களும் தேதி வாரியாக அடுக்கிய கோப்பு, வங்கிக் கணக்குப் புத்தகம். பூட்டி வைத்த பெயர்ப் பட்டியல், சங்கத்தின் செயலராகத் தேர்வான தொழிலாளரிடம் மட்டும் செல்லட்டும். அதன் நகல் குருமனையில் இருக்க வேண்டியதில்லை. புதிய பங்குத்தந்தை பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே சங்கத்தின் பெண்கள் அவரைச் சந்தித்து, குருமனையில் வேலை செய்பவருக்கான உறுதிமொழித் தாளில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிட வேண்டும்.